கிளை நூலகத்தில் பெண்கள் வரலாறு

மார்ச் 8 அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மகளிர் தினப் பேச்சு நடக்கும். மாணவர்கள் சொல்லப்போகும் பெயர்களை நாம் முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். ஔவையார், வேலுநாச்சியார், ஜான்சி ராணி, அன்னை தெரசா, கல்பனா சாவ்லா. இன்னும் ஐந்து பெயர் சொல் என்றால் பெரும்பாலான வகுப்புகளில் அமைதிதான் பதில். மறு ஆண்டும் அதே ஐந்து பெயர்கள் வரும்.

இந்தப் பட்டியலை நீட்ட நமக்குத் தனியாக நிதியோ சிறப்புப் பயிற்சியோ தேவையில்லை. பெரும்பாலான பள்ளிகளுக்கு எட்டும் தூரத்தில் ஒரு கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருக்கிறது. அதுவும் நம் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் இயங்குவதுதான். 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவதாக இயற்றப்பட்ட நூலகச் சட்டம். அதன்படி நாம் கட்டும் வீட்டு வரியில் நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது; இப்போது ரூபாய்க்குப் பத்துக் காசு. ரசீதைப் பார்க்கச் சொல்லுங்கள். நூலகம் தங்கள் வீட்டுப் பணத்திலும் நடக்கிறது என்று அறிந்த குழந்தை அதற்குள் தயங்காமல் நுழையும்.

தயக்கம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மாலையில் ஏதாவது ஒரு கிளை நூலகத்திற்குப் போய்ப் பாருங்கள். செய்தித்தாள் மேசையைச் சுற்றிப் பெரும்பாலும் ஆண்கள்தாம் உட்கார்ந்திருப்பார்கள். எட்டாம் வகுப்பு மாணவியர் சிலரை அழைத்துச் சென்றபோது, "தினமும் இந்த வழியாகத்தான் போறேன் டீச்சர், உள்ளே வந்ததே இல்லை" என்றாள் ஒருத்தி. பெண்கள் வரலாற்றை நூலகத்தில் கொண்டாடுவதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

பள்ளியில் பிறந்த வழக்கம்

மகளிர் தினத்தை அனைவரும் அறிவோம். 1910-இல் கோபன்ஹேகனில் நடந்த சோசலிசப் பெண்கள் மாநாட்டில் கிளாரா ஜெட்கின் முன்வைத்த கருத்திலிருந்து அது வளர்ந்தது. ஐக்கிய நாடுகள் அவை 1975 முதல் அதைக் கடைப்பிடித்து வருகிறது. ஆனால் பெண்களின் வரலாற்றுக்கென்று தனியாகக் கொண்டாட்டம் வந்தது ஒரு பள்ளிக் கல்வி முயற்சியால் என்பது பலருக்குத் தெரியாது. 1978-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சோனோமா மாவட்டப் பள்ளிகளில் பெண்கள் வரலாற்று வாரம் நடத்தினார்கள். பாடத்திட்டத்தில் பெண்கள் அநேகமாக இல்லை என்பதே அவர்களின் குறை. அது மற்ற ஊர்களுக்குப் பரவி, 1987-இல் அந்நாட்டில் மார்ச் மாதம் முழுவதும் பெண்கள் வரலாற்று மாதமாக அறிவிக்கப்பட்டது. இன்று அங்குள்ள பொது நூலகங்கள் அம்மாதத்தில் நூல் காட்சி, வாசிப்பு, உரை என்று நிகழ்ச்சிகளை நடத்துகின்றன.

நமக்கு மார்ச் மாதம் பொதுத் தேர்வுக் காலம். ஆகவே 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளைக் கொண்டு செய்யலாம். அல்லது வேறு நாள்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஜூலை 30 டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்த நாள். ஆகஸ்ட் 12, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதனை நினைவுகூரும் தேசிய நூலகர் தினம். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அப்போது நூலகமே நிகழ்ச்சிகளுக்கு ஆயத்தமாக இருக்கும். ஜனவரி 3 சாவித்திரிபாய் புலேவின் பிறந்த நாள். நூலகரோடு பேசி நமக்கு ஏற்ற நாளை முடிவு செய்துகொள்ளலாம்.

ஒரு பெண், நான்கு அலமாரிகள்

நூலகத்தில் "பெண்கள் பற்றிய நூல்கள் எங்கே?" என்று கேட்டால் சில இடங்களில் மகளிர் பகுதி ஒன்றைக் காட்டுவார்கள். அதில் சமையல், கோலம், தையல், அழகுக் குறிப்பு நூல்கள் மிகுதியாக இருக்கும். அவை பயனுள்ளவைதாம். ஆனால் நாம் தேடும் வரலாறு அந்த ஓர் அலமாரிக்குள் அடங்காது. அது நூலகம் முழுவதும் சிதறிக் கிடக்கிறது. இதை மாணவர்களே கண்டுபிடிக்கும்படி செய்வதுதான் முதல் பாடம்.

முத்துலட்சுமி ரெட்டியையே எடுத்துக்கொள்வோம். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார். 1930-இல் ஔவை இல்லத்தைத் தொடங்கினார். 1954-இல் செயல்படத் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் உழைப்பில் எழுந்தது. இப்போது மாணவர்களிடம் கேளுங்கள்: இவரை எந்த அலமாரியில் தேடுவீர்கள்? ஒருவர் மருத்துவம் என்பார், ஒருவர் அரசியல் என்பார், இன்னொருவர் சட்டம் என்பார். 1964-இல் வெளிவந்த அவருடைய தன்வரலாறோ வாழ்க்கை வரலாற்றுப் பகுதிக்குரியது. நான்கும் சரியான விடைகளே.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். தேவதாசி முறை ஒழிப்புக்காகச் சட்டமன்றத்தில் பேசியவர் முத்துலட்சுமி. அதே முறையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1936-இல் அவர் எழுதி வெளியிட்ட ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ ஒரு நாவல். 1947-இல் சட்டம் வந்தது. ஆக, ஒரே போராட்டத்தின் ஒரு பகுதி சட்டத்தில், ஒரு பகுதி கதை இலக்கியத்தில், ஒரு பகுதி வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. மூன்றையும் ஒரே மேசையில் கொண்டுவந்து வைப்பதைத்தான் நூல் காட்சி என்கிறோம்.

டூயி தசமப் பகுப்பு முறையில் அடுக்கப்பட்ட நூலகமானால் சில எண்களை மாணவர்களுக்குச் சொல்லித் தரலாம். 305.4 பெண்களைப் பற்றிய சமூகவியல் நூல்கள். 920 வாழ்க்கை வரலாறு. 610 மருத்துவம். 954 இந்திய வரலாறு. 894.811 தமிழ் இலக்கியம். அரங்கநாதனின் கோலன் பகுப்பு முறையாக இருந்தால் நூலகரே விளக்குவார். குழுவுக்கு ஐந்து மாணவர்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஓர் அலமாரிக்கு அனுப்புங்கள். ஒரு மணி நேரத்தில் அந்த அலமாரியில் பெண்கள் எழுதிய நூல்கள் எத்தனை, பெண்களைப் பற்றிய நூல்கள் எத்தனை என்று எண்ணி எழுதி வரட்டும். இரண்டும் வேறு வேறு எண்கள் என்பதே மாணவர்களுக்கு ஒரு புதுச் செய்தியாக இருக்கும்.

பெயரில் உள்ள சிக்கல்

எண்ணும்போது மாணவர்கள் கண்டிப்பாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘சுஜாதா’ என்ற பெயரில் நிறைய நூல்கள் இருக்கும். பெண் எழுத்தாளர் என்று கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அவர் ரங்கராஜன்; தம் மனைவியின் பெயரில் எழுதினார் என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும். மறுபுறம், பெண்கள் பலர் புனைபெயருக்குப் பின்னால் இருக்கிறார்கள். ‘குமுதினி’ என்பவர் ரங்கநாயகி தாத்தம். ‘அநுத்தமா’ என்பவர் ராஜேஸ்வரி பத்மநாபன். ‘லக்ஷ்மி’ என்பவர் மருத்துவர் திரிபுரசுந்தரி. ‘அம்பை’ என்பவரின் இயற்பெயர் சி.எஸ். லட்சுமி. இவர்களில் லக்ஷ்மி 1984-இலும் அம்பை 2021-இலும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். தமிழில் அவ்விருதைப் பெற்ற முதல் பெண் ராஜம் கிருஷ்ணன். 1973-இல் ‘வேருக்கு நீர்’ நாவலுக்காகப் பெற்றார்.

அக்காலப் பெண்கள் பலர் ஏன் சொந்தப் பெயரில் எழுதவில்லை? இந்தக் கேள்வியை விடையோடு தராமல் வகுப்பில் விட்டுவிடுங்கள். வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற அச்சம், கணவர் பெயரோடு சேர்ந்தே அறியப்பட்ட நிலை, விருப்பத்தால் சூடிக்கொண்ட பெயர் என்று பல விடைகள் வரும். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதலாம். வரலாற்றில் ஒருவரைக் கண்டுபிடிப்பதற்கு முதலில் அவர் எந்தெந்தப் பெயரில் பதிவாகியிருப்பார் என்று யோசிக்க வேண்டும் என்பதை இதைவிட எளிதாகக் கற்பிக்க முடியாது.

காட்சி அட்டையில் என்ன எழுதுவது?

நூல்களை மேசையில் பரப்பி வைத்தால் மட்டும் யாரும் எடுத்துப் படிப்பதில்லை. ஒவ்வொரு நூலுக்கும் அருகில் மாணவர் எழுதிய ஓர் அட்டை இருக்க வேண்டும். அட்டையில் ஐந்து செய்திகள் போதும்.

1. பெயர், வேறு பெயர்கள், வாழ்ந்த காலம்.
2. அவர் செய்த ஒரு வேலை. "சாதனை படைத்தார்" என்று எழுதக்கூடாது. என்ன செய்தார் என்று எழுத வேண்டும்.
3. அவருக்கு இருந்த தடை.
4. அவரால் மாறிய ஒன்று.
5. இந்த நூல் நூலகத்தில் இருக்கும் இடம்.

இரண்டாவது செய்திதான் மாணவர்களுக்குக் கடினம். எடுத்துக்காட்டாக, வை.மு. கோதைநாயகி அம்மாளைப் பற்றி "சிறந்த நாவலாசிரியை" என்று எழுதினால் எதுவும் தெரிவதில்லை. சரளமாக எழுதப் பழகாத காலத்தில் தான் சொல்லச் சொல்லத் தோழியை எழுதவைத்தவர், 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தியவர், நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர் என்று எழுதினால் நூலைத் தொடாமல் போக மனம் வராது. அ. லலிதா பதினெட்டு வயதில், கைக்குழந்தையோடு கணவரை இழந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து 1943-இல் மின்பொறியியல் முடித்தார். பொறியியல் கல்லூரிக் கனவோடு இருக்கும் மாணவி இந்த அட்டையைக் கடந்து போகமாட்டாள். தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். கொங்கு மண்டலப் பள்ளிகளுக்கு அவர் அயலூர்க்காரர் அல்லர். கடலூர் மாவட்டப் பள்ளிக்கு அஞ்சலை அம்மாள், நாகப்பட்டினம் மாவட்டப் பள்ளிக்கு 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறைசென்ற ருக்மணி லட்சுமிபதி என்று அந்தந்த வட்டாரத்தோடு தொடர்புடையவர்களுக்கு முதலிடம் கொடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். "முதல் பெண் மருத்துவர்", "முதல் பெண் அமைச்சர்" என்று முதல்களை மட்டும் அடுக்கினால், மற்றவர்கள் சும்மா இருந்தார்கள் என்ற எண்ணம் வந்துவிடும். மருத்துவமனை இல்லாத ஊர்களில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள், நாற்று நட்டவர்கள், உப்பளத்திலும் தீப்பெட்டி ஆலையிலும் உழைத்தவர்கள் ஆகியோரும் வரலாறே. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றி ‘கரிப்பு மணிகள்’ எழுதியது நேரில் சென்று பார்த்துத்தான். அந்நாவலையும் காட்சியில் வையுங்கள்.

அதேபோல, ஆவணமும் வாய்மொழி மரபும் வேறு என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். வேலுநாச்சியார் பற்றிய செய்திகளில் சில ஆவணங்களில் உள்ளவை; குயிலியின் கதை பெரிதும் மக்கள் நினைவில் வாழ்ந்து வந்தது. இரண்டையும் மதிக்கலாம். எது எங்கிருந்து வந்தது என்று அட்டையில் குறிப்பிட்டால் போதும்.

நூலகத்தில் இல்லாத வரலாறு

தேடி முடித்ததும் ஒரு கேள்வி எழும். நம் ஊர்ப் பெண்கள் இந்த நூல்களில் எங்கே? பெரும்பாலும் இருக்கமாட்டார்கள். இங்கேதான் பள்ளியும் நூலகமும் சேர்ந்து புதிதாக ஒன்றைச் செய்ய முடியும். அதற்கு ‘ஊர்ப் பெண்கள் கோப்பு’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். செலவு ஒரு கோப்பும் சில தாள்களும்தான். அதற்கு மூன்று வகைச் செய்திகளைத் திரட்டலாம்.

முதலாவது, ஊராட்சி. 1921-இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. 1996 உள்ளாட்சித் தேர்தலிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. தமிழ்நாட்டில் 2016-இல் அது பாதியாக உயர்த்தப்பட்டது. உங்கள் ஊராட்சியில் 1996 முதல் தலைவராகவும் வார்டு உறுப்பினராகவும் இருந்த பெண்கள் யார் யார்? ஊராட்சி அலுவலகப் பெயர்ப்பலகையில் தலைவர்களின் பெயர்கள் இருக்கலாம். அவர்கள் என்ன செய்தார்கள், எதிர்ப்பு எப்படி வந்தது, கூட்டத்தில் முதன்முதலாகப் பேசியபோது எப்படி இருந்தது என்பவை எந்த நூலிலும் இல்லை. அவர்களில் பலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். கேட்க வேண்டிய காலம் இதுதான்.

இரண்டாவது, நம் பள்ளியின் சேர்க்கை நீக்கப் பதிவேடு. பழைய பள்ளியானால் இதைவிடச் சிறந்த ஆவணம் கிடையாது. 1960, 1970, 1980 எனப் பத்தாண்டுக்கு ஒருமுறை எத்தனை சிறுமியர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் எந்த வகுப்போடு நின்றார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். மதிய உணவு, இலவசப் பேருந்துப் பயணம், மிதிவண்டி ஆகியவை வந்த காலங்களை அந்த எண்களோடு ஒப்பிட்டால் கணக்குப் பாடமும் சமூக அறிவியலும் ஒன்றாகிவிடும். தலைமை ஆசிரியரின் அனுமதியோடு ஆசிரியர்தான் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். மாணவர்களுக்குத் தர வேண்டியது எண்ணிக்கை மட்டும். பெயர், சாதி, விலகிய காரணம் போன்றவற்றை யாரும் அறியும்படி வெளியிடக் கூடாது.

மூன்றாவது, பாட்டிகளின் சொல். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் ஓட்டக் கற்றார்கள். மற்ற மாவட்டங்களிலும் அறிவொளி நடந்தது. அதில் படித்தவர்கள், படிப்பித்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒரு மாணவன் தன் பாட்டியிடம் கேட்டு எழுதி வந்தான்: ரேஷன் கடையில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட நாளில் அவர் கடைக்காரரிடம் பேனாவைத் திருப்பித் தர மறந்துவிட்டாராம். பையன்களையும் இந்த வேலையில் சேர்க்க வேண்டும் என்பதற்கு இதைத்தான் நான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

வாய்மொழிச் செய்தியைத் திரட்ட முன்மாதிரிகள் உண்டு. மணலூர் மணியம்மையின் வாழ்வை எழுத ராஜம் கிருஷ்ணன் அவரை அறிந்தவர்களைத் தேடிச் சென்று கேட்டார்; ‘பாதையில் பதிந்த அடிகள்’ அப்படி உருவானது. 1988-இல் அம்பை உள்ளிட்டோர் மும்பையில் தொடங்கிய ‘ஸ்பாரோ’ ஆவணக் காப்பகம் பெண்களின் குரல்களையும் படங்களையும் சேமித்து வருகிறது. நம் அளவில் சில ஒழுங்குகள் போதும். பேசுபவரிடம் எதற்காகக் கேட்கிறோம் என்று முதலில் சொல்ல வேண்டும். எழுதியதை அவருக்குப் படித்துக்காட்ட வேண்டும். வேண்டாம் என்ற பகுதியை நீக்கிவிட வேண்டும். பெயர் போட விருப்பமில்லை என்றால் போடக்கூடாது. பழைய புகைப்படத்தை வாங்கி வைத்துக்கொள்ளாமல் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தர வேண்டும்.

நிகழ்ச்சியை அமைக்கும் முறை

நான்கு வாரங்களில் நான்கு மாலைகள் போதும். முதல் வாரம் அலமாரித் தேடல். இரண்டாம் வாரம் அட்டை எழுதிக் காட்சி அமைத்தல். மூன்றாம் வாரம் மாணவர்கள் தாம் எடுத்த நூலிலிருந்து ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டுதல். வாசகர் வட்டத்தினரை அன்று அழைக்கலாம். நான்காம் வாரம் ஊர்ப் பெண்களோடு உரையாடல். முன்னாள் ஊராட்சித் தலைவர், கிராம செவிலியர், சத்துணவு அமைப்பாளர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் என நாலைந்து பேர் வந்தால் நிறைவு. மேடையும் பொன்னாடையும் வேண்டாம். வட்டமாக உட்கார்ந்து, மாணவர்கள் முன்கூட்டியே எழுதிய கேள்விகளைக் கேட்கட்டும்.

அன்று அம்மாக்களையும் அழையுங்கள். உறுப்பினர் சேர்க்கைப் படிவங்களை நூலகர் மேசையில் வைத்திருக்கட்டும். பல அம்மாக்களுக்குச் சொந்தப் பெயரில் ஆதார் அட்டையும் குடும்ப அட்டையும் இருக்கின்றன. நூலக அட்டை இருப்பதில்லை. பிள்ளையே படிவத்தை நிரப்பித் தருவது நல்ல எழுத்துப் பயிற்சி.

மாணவர்கள் தேடியும் கிடைக்காத நூல்களின் பட்டியல் ஒன்றும் இதற்குள் உருவாகியிருக்கும். அதை நூலகரிடம் எழுத்து மூலமாகக் கொடுத்து மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்பச் சொல்லலாம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகவே படிக்க முடியும். பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் திறந்து காட்டுங்கள். மிக அரிய இதழ்களுக்கு சென்னை கன்னிமாரா நூலகமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன என்ற செய்தியாவது மாணவர் காதில் விழட்டும். 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா, இந்தியாவில் வெளியாகும் நூல்களைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று. வெளிவந்த ஒரு நூல் தொலைந்துபோகாமல் இருக்க நாடு செய்துள்ள ஏற்பாடு அது. வெளிவராத வாழ்க்கைகளுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. அவற்றுக்கு நம் கோப்புதான் ஏற்பாடு.

கோப்பு தயாரானதும் இரண்டு படி எடுங்கள். ஒன்று பள்ளியில் இருக்கட்டும். மற்றொன்றை நூலகரிடம் ஒப்படைத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு வரும் வகுப்பு அதில் இரண்டு மூன்று பக்கங்களைச் சேர்க்கும். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்று அரங்கநாதன் கருதியது நம் ஊரிலும் மெய்யாகும்.

இவ்வளவையும் ஒரே ஆண்டில் செய்து முடிக்க வேண்டியதில்லை. அலமாரித் தேடலை மட்டும் செய்தாலும் நல்லதுதான். ஒரு நூலகப் பாடவேளையை எடுத்துக்கொண்டு, வகுப்பை வரிசையாக அழைத்துச் சென்று, எண்ணச் சொல்லிப் பாருங்கள். முன்னதாக நூலகரிடம் ஒரு வார்த்தை சொல்லி, பள்ளி வேலைநேரத்தில் நூலகம் திறந்திருக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.